மூங்கில் அரிதான மண்ணில் செரோக்கிக் கூடை

அமெரிக்காவின் தென்கிழக்கே, அப்பலாச்சிய மலைநாட்டில் வாழ்ந்த பூர்வகுடிகளான செரோக்கிப் பெண்கள் கூடை முடைந்தது ஆற்று மூங்கிலில். தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்சதையைச் சீவிவிட்டு, பளபளக்கும் மேல்தோலை மட்டும் பட்டையாக எடுப்பார்கள். 1838-39இல் அமெரிக்க அரசு படையை அனுப்பி அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தியது. புறப்பட்ட ஏறக்குறைய 16,000 பேரில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவான கணக்கு. வந்துசேர்ந்த மண்ணில் அந்த மூங்கில் அரிது. மாற்றாக அமைந்தது பக்பிரஷ் என்ற குட்டைப் புதர்.

நிமிர்ந்து நிற்கும் குச்சி இதற்கு உதவாது. தரையோடு ஓடும் கொடிதான் வேண்டும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் பிடுங்க வேண்டும். தண்டில் சாறு மிகுந்து ஓடும் காலத்தில் எடுத்த கொடி, காயும்போது சுருங்கிப் பின்னலைத் தளர்த்திவிடும். கொடியை வளையமாகச் சுற்றிச் சில மணிநேரம் வேகவைத்து, சூடு இருக்கும்போதே துணியால் உருவினால் தோல் கழன்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். முடைவதற்கு முன் மீண்டும் நனைக்க வேண்டும். ஊறியது போதாவிட்டால் வளைவில் ஒடியும்; அதிகமாக ஊறினால் காய்ந்தபின் இடைவெளி விழும்.

நான்கு கொடியின் மேல் நான்கைக் குறுக்கே வைத்தால், கூடையின் சட்டமாக நிற்கும் பாவு முனை பதினாறு. பாவுக்கு மேலும் கீழுமாகச் சுற்றி ஓடும் கொடி ஊடை; ஒற்றை ஊடைக்கு இரட்டைப்படை ஆகாது. இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் தடத்திலேயே விழும். பதினேழாவதாக ஒன்றைச் செருக வேண்டும், அல்லது இரண்டு ஊடைகளை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

இனிதான் இந்தக் கூடையின் அழகு. உள்சுவரை விளிம்புவரை முடைந்ததும், அதே பாவுக்கொடிகளை வெளிப்பக்கம் மடித்து, வெளிச்சுவரை மேலிருந்து கீழாக முடைந்து அடியில் செருகி முடிப்பார்கள். ஒரே கூடைக்கு இரண்டு சுவர். மூங்கிலிலும் இரட்டைச் சுவர் முறை பழையதே. 1720களில் கடல் கடந்து போன அப்படியொரு கூடை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தாவரம் மாறியும் அந்த யோசனை கைவிட்டுப் போகவில்லை என்றே நினைக்கிறேன்.

பலர் தவறுவது நீளத்தில். ஆறு அங்குல அடி, ஆறு அங்குல உயரம் என்றால் ஒவ்வொரு முனையும் ஆறு ஏறி, ஆறு இறங்கி, செருக மூன்று அங்குலம் மிச்சம் வைத்திருக்க வேண்டும். இரு முனைக்கும் முப்பது அங்குலம், அடிக்கு ஆறு; ஆக ஒரு பாவு மூன்றடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வெளிச்சுவர் பாதியில் நிற்கும்.

சாயத்துக்குக் கருப்பு வால்நட் காயின் மேல்தோடு. சாயம் ஒட்டப் படிகாரம்கூட வேண்டாம், பழுப்பு நன்றாகப் பிடிக்கும். இரும்புச் சட்டியில் கொதித்தால் நிறம் இன்னும் கருக்கும்.