மலைநாட்டு இறக்கங்களும் பழைய காரின் பிரேக் ஒயிலும்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் பழைய கார்களை விடாமல் ஓட்டுபவர்கள் இன்னும் கணிசமாக இருக்கிறார்கள். ஒஸ்டின் மினி, மொரிஸ் மைனர், டட்சன் சனி, பொக்ஸ் லான்சர், சில தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் லேண்ட் ரோவர் என்று வகைக்கும் குறைவில்லை. இவர்களுள் யாரைக் கண்டாலும் எஞ்சின் ஒயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பிரேக் ஒயில் என்று வந்தால் மட்டும் "கடையில் தந்ததை ஊற்றினேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கிளச் ஒயிலைப் பற்றியோ அந்த ஒரு வரிகூட வராது. என் மினியை இந்த வீதிகளில் ஓட்டியும் பராமரித்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: டின்னில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைவிட, அந்த ஒயில் எவ்வளவு புதியது, காரின் பிரேக் சிலிண்டர்களில் ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் கப்புகளுக்கு ஒத்துப்போகுமா என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம்முடைய வீதிகள் பிரேக்கிடம் எவ்வளவு வேலை வாங்குகின்றன என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு பேர் ஏறிய மினியின் நிறை ஏறத்தாழ 900 கிலோகிராம். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, அது 1400 மீற்றர் அளவுக்குக் கீழே வருகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 12 மெகாஜூல். நாலரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டு மிஞ்சாமல் ஆவியாக்கிவிட அது போதும். குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும், காற்றுத்தடை இன்னொரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக் டிரம்களில் வெப்பமாகச் சேரும். மினியின் சக்கரமே 10 அங்குலம்தான், அதற்குள் இருக்கும் டிரம் 7 அங்குலம். இங்கிலாந்தின் மேடு பள்ளங்களுக்கென்று செய்யப்பட்ட அந்தச் சிறிய டிரம்முக்கு றம்பொடை இறக்கம் சற்று அதிகப்படியான தண்டனைதான்.

இறக்கத்தில் பிரேக் கைவிடுவது இரண்டு விதமாக நடக்கும். பெடல் வழக்கம்போல் கல்லாக நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் மட்டும் நிற்க மறுக்கிறது என்றால், சூடேறிய லைனிங் (டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவின் மேற்பட்டை) பிடிப்பை இழந்திருக்கிறது. அதற்கும் ஒயிலுக்கும் தொடர்பில்லை. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்து தரைவரை போய்விடுகிறது என்றால், சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் ஒயில் கொதித்து ஆவி உண்டாகிவிட்டது. திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். காலின் அழுத்தமெல்லாம் அந்த ஆவியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதில்லை என்பதுதான் அதன் வஞ்சகம். நீர்வீழ்ச்சியைப் பார்க்கவோ தேநீர் குடிக்கவோ காரை ஓரங்கட்டுகிறோம். ஓட்டத்தில் டிரம்மைக் குளிர்வித்துக்கொண்டிருந்த காற்று நின்றுவிடுகிறது. டிரம்மிலும் ஷூவிலும் தேங்கிய வெப்பம் மெல்லச் சிலிண்டருக்குள் இறங்குகிறது. மீண்டும் புறப்பட்டு, முதல் வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் கால் தரையைத் தொடும். காரைக் கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் ஆறி, ஆவி மறுபடியும் திரவமாகி, பெடல் ஒழுங்காக நிற்கும். மெக்கானிக் மிதித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிடுவார்.

புதிய ஒயில் இவ்வளவு எளிதில் கொதிக்காது. டின்னிலுள்ள இலக்கம் டொட் எனும் தரக்குறியீடு; வழக்கமான டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கோல் ஈதரை அடிப்படையாகக் கொண்டவை. மூன்றுக்கும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. பிரேக் ஒயில் டாங்கி மூடியின் காற்றுத் துளை வழியாகவும், ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும்கூட ஈரம் உள்ளே போகும். அதனால்தான் தர விதிகள் ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகளைச் சொல்கின்றன: ஒன்று புதிய ஒயிலுக்கு, மற்றது 3.7 வீதம் தண்ணீர் கலந்த ஒயிலுக்கு. டொட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறினால் 140. டொட் 4 முறையே 230, 155. டொட் 5.1 முறையே 260, 180. இந்த எண்களைக் குறுக்காக வாசித்தால்தான் விடயம் விளங்கும். இன்று திறந்த சாதாரண டொட் 3, பல வருடங்களாக ஈரம் குடித்த விலையுயர்ந்த டொட் 5.1ஐவிட 25 பாகை மேலானது. அதிக விலை கொடுத்து வாங்கி ஐந்து வருடம் மறந்துவிடுவதைவிட, நடுத்தரமானதை வாங்கி அடிக்கடி மாற்றுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். வருடத்தில் பாதிநாள் பனிமூட்டத்துக்குள் நிற்கும் ஊர்களில் இரண்டு வருடத்துக்கு மேல் எந்த ஒயிலையும் விட்டுவைக்கக் கூடாது. பெரிய இறக்கங்களில் அடிக்கடி ஓடும் காருக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே சரி.

ஆகவே என் தெரிவு டொட் 4. டொட் 3 குறிப்பிடப்பட்டிருக்கும் காரிலும் அதை ஊற்றலாம், இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். டொட் 5.1 தீங்கு செய்யாது. ஆனால் அதன் சிறப்பு, கடுங்குளிரிலும் மெல்லியதாக ஓடி, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வால்வுகளுக்குள் விரைந்து புகுவது. ஏ.பி.எஸ். இல்லாத, நுவரெலியாவின் துகள்பனிக் குளிருக்கு மேல் குளிரைக் காணாத ஒரு காருக்கு அந்தச் சிறப்பால் ஆவது ஒன்றுமில்லை.

டொட் 5 என்பது முற்றிலும் வேறு பொருள். 5.1க்கு நெருங்கிய உறவு போலத் தோன்றும் இந்த இலக்கத்தை யார் தெரிவுசெய்தார்களோ, அவர்கள் கடைக்காரர்களை ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை. ஊதா நிறத்தில் வரும் இது சிலிக்கோன். ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ற்றை அரிக்காது. வருடத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வரும் காட்சிக் கார்களின் சொந்தக்காரர்கள் இதை விரும்புவதில் நியாயம் உண்டு. ஆனால் உறிஞ்சாத ஒயிலுக்குள் எப்படியோ புகுந்த தண்ணீர் தண்ணீராகவே இருந்து, தாழ்வான இடம் தேடி வீல் சிலிண்டரில் போய்த் தங்கும். அங்கே துருப்பிடிக்க வைப்பதோடு, தண்ணீரின் கொதிநிலையிலேயே கொதிக்கவும் செய்யும். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், அன்றாடம் மலையில் ஏறி இறங்கும் காருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சிலிக்கோனுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் எளிதில் தங்கிவிடுவதால், பெடல் எப்போதும் சற்று மெத்தென்றே இருக்கும். கிளைக்கோல் வகைகளோடு அது கலக்கவும் கலக்காது.

பழைய கார் என்றால் ரப்பரைப் பற்றியும் பேசியாக வேண்டும். பிரித்தானியக் கார்களில் வந்த லொக்ஹீட், கேர்லிங் என்ற தயாரிப்புப் பெயர்களிலான சிலிண்டர்களில் ஒரு காலத்தில் இயற்கை ரப்பர் கப்புகள் இருந்தன. அவற்றின் கைநூல்களில் எஸ்.ஏ.இ. 70ஆர்3 என்ற பழைய தரக்குறியீட்டைக் காணலாம். அந்த வழியில் வந்த இன்றைய ஒயில்தான் டொட் 3. ஜப்பானியக் கார்களின் மூடியிலோ டின்னிலோ பி.எப்-3, பி.எப்-4 என்று இருந்தால், முறையே டொட் 3, டொட் 4 என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது விற்கும் மாற்றுக் கப் செட்டுகள் செயற்கை ரப்பரால் ஆனவை, டொட் 4க்குத் தாராளமாக ஈடுகொடுப்பவை. எந்தக் காலத்துக் கப் உள்ளே இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒயிலைத் தேர்வதற்கு முன் கப் செட்டை மாற்றிவிடுவதே முறை. கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மினிக்கும் மைனருக்கும் அவற்றைத் தேடிப் பிடிக்கலாம்.

இந்த ரப்பர் அனைத்துக்கும் பொது எதிரி கனிய எண்ணெய். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் எதுவாயினும் ஒரு கரண்டி அளவு டாங்கிக்குள் போனாலே கப்புகள் ஊதிப் பெருத்து, பிரேக் பிடித்தபடியே நிற்கும். பழைய சிட்ரோன்கள் சில இதற்கு நேர்மாறு: 1960களின் பிற்பகுதியிலிருந்து அவற்றின் பச்சை நிற ஒயில் கனிய எண்ணெய்தான், அங்கே டொட் 4 ஊற்றினால் அதே நாசம் மறுபக்கமாக நடக்கும். புதிதாக வாங்கிய பழைய காரில் முன்னவர் எதை ஊற்றினார் என்று தெரியாதபோது, டாங்கியிலிருந்து சில சொட்டுகளை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கிளைக்கோல் ஒயில் கரைந்து மறைந்துவிடும். மேலே மிதந்தால் அது கனிய எண்ணெயாகவோ சிலிக்கோனாகவோ இருக்கும். அப்போது காரை ஓட்டாமல் நிறுத்திவைப்பதே புத்தி. மூடியின் உள்ளேயுள்ள ரப்பர் வட்டு உப்பி, மீண்டும் தன் இடத்தில் அமராமல் நெளிந்திருந்தால் இந்தச் சோதனையும் தேவையில்லை. அப்படியான காரில் ஒயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை; கப்புகள், ஹோஸ்கள் யாவும் போக வேண்டும், குழாய்களையும் கழுவ வேண்டும்.

வாங்கும்போது சீல் உடையாத சிறிய டின்னையே வாங்க வேண்டும். திறந்த டின்னிலிருந்து சிறு போத்தலில் ஊற்றித் தருவதாகச் சொன்னால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்றுவிடுங்கள். மாதக்கணக்காகத் திறந்திருந்த ஒயில் காருக்குள் போகும் முன்பே கிழடாகிவிட்டது.

மாற்றும் வேலைக்கு நான் மார்ச் மாதத்தை வைத்துக்கொள்வேன். காற்று உலர்ந்திருக்கும், சித்திரை சீசன் நெரிசலுக்கு முன் கைவேலையும் முடிந்துவிடும். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தொலைவிலுள்ள சக்கரத்தின் நிப்பிளில் (ஒயிலை வெளிவிடும் சிறு திருகில்) தெளிந்த குழாயொன்றை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புதிய ஒயிலிருக்கும் போத்தலில் அமிழ்த்திவிட்டு, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடுவார். முதலில் வருவது கடுஞ்சாயத் தேநீரின் நிறத்தில், நடுவே கரிய ரப்பர்த் துணுக்குகளுடன் வரும். பிறகு வெளுத்து, கடைசியில் டின்னிலிருக்கும் அதே இளமஞ்சள் குழாயில் ஓடும். பழைய காரில் இந்த வேலையின்போது பெடலைத் தரைவரை விடக் கூடாது. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் எட்டாத மாஸ்டர் சிலிண்டரின் கடைப்பகுதியில் துரு படிந்திருக்கும். அதில் கப்பின் விளிம்பு உரசினால் கிழிந்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் அந்தப் பயமில்லை. சிந்திய ஒயிலைத் துடைப்பதோடு நில்லாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ற் சுருங்கிக் கழன்றுவிடும்.

அதே டின்னில் மிஞ்சியது கிளச்சுக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர், "கிளச்சு நல்லாத்தானே வேலை செய்யுது தம்பி, அத ஏன் நோண்டுற?" என்று கேட்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு: கிளச் சிலிண்டர் பிரேக்கைப் போலக் கொதிக்கும் நிலைக்குப் போவதில்லை. ஆனால் ஈரம் அங்கேயும் புகும், சிலிண்டரின் உட்சுவரில் புள்ளி புள்ளியாகத் துரு விழும், அதில் தேய்ந்த கப் ஒயிலைக் கரியாக்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்து போகையில், நூறு முறை கிளச்சை மிதித்தபின் ரிவர்ஸ் கியர் கரகரவென்று கத்தினால், அல்லது இரண்டு முறை விரைந்து மிதித்தால்தான் கியர் விழுகிறது என்றால், கிளச் பிளேட்டைக் குறை சொல்லும் முன் கிளச் ஒயில் டாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். ஒயில் கருத்திருந்தால் கீழ்ச் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்க்க வேண்டும். உறைக்குள் ஈரக்கசிவு இருந்தால் கப் செட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால், புதிய கப்பும் சில மாதங்களில் கசியும்; அப்போது முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே சிக்கனம்.