பதினேழு கைக் குதிரை: மே மாத நாட்குறிப்பு

2025 மே 4, ஞாயிறு

கத்திரி இன்றைக்குத்தான் தொடக்கம். பதினோரு மணிக்கே தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தீவனக் கடையை மூடலாம் என்று இருந்த நேரத்தில் சித்தப்பா வந்து கொள்ளு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு செல்போனை நீட்டினார். வீடியோவில் ஒரு செவலைக் குதிரை. பக்கத்தில் கயிறு பிடித்து நிற்கும் பையன் அதன் தோள்வரைக்கும் கூட வரவில்லை.

"இன்னா ஒசரம் பாத்தியா? பதினேழு கை!"

குதிரை உயரத்தில் ஒரு கை என்பது நாலு அங்குலம். பதினேழு கை என்றால் 68 அங்குலம், அதாவது ஐந்தடி எட்டங்குலம். அதுவும் தலை உயரம் இல்லை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் உயரம். சித்தப்பா ஐந்தடி நாலு. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது அவருடைய தொழில். பள்ளிகொண்டா, குடியாத்தம், ஆம்பூர் மண்டபங்களில் அவரைத் தெரியும். இப்போது இருக்கும் வெள்ளைக்கு வயதாகிவிட்டது, உயரமும் பதின்மூன்றரைக் கைக்குக் கீழேதான். புதுசு வாங்க வேண்டும், அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இவ்வளவு பெரிசா?

சித்தி வேறு கணக்கில் இருக்கிறார். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டினாராம், இவர் மாடிக்கு ஒரு அறையாவது எடுக்கக் கூடாதா என்று கேட்கிறார்.

மே 6, செவ்வாய்

பொய்கைச் சந்தை. நான் தவிட்டு பாக்கி வசூலிக்கப் போனேன், சித்தப்பா கூடவே வந்தார். இது மாட்டுச் சந்தைதான், குதிரை விஷயத்துக்கு இங்கே வேலையில்லை. ஆனாலும் தரகர்கள் எதைப் பற்றியும் கருத்துச் சொல்வார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த நேரத்திலும், ஒரு பெரியவர் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லத் தவறவில்லை. சுழி பாருங்க, நெற்றியில் ஒன்று, கழுத்தில் ஒன்று, தப்பான இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்.

எனக்குச் சுழியில் நம்பிக்கை கிடையாது. பல்லைப் பார், காலைப் பார், அப்புறம் விற்பவன் முகத்தைப் பார். அதுபோதும்.

மே 9, வெள்ளி

இரவு கடையில் உட்கார்ந்து தீவனக் கணக்குப் போட்டேன். என் தொழில் இதுதான், இதில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது.

குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு, ஈரம் கழித்த தீவனம் தின்ன வேண்டும். நம் வெள்ளை சுமார் 330 கிலோ இருக்கும், அதற்கு ஆறரைக் கிலோ போதும். அந்தச் செவலை 600 கிலோவை ஒட்டி இருந்தால் 12 கிலோ. 12 கிலோ என்றால் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் கோ-4 பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். புல்லை மட்டும் போட்டு அந்த 12 கிலோவை ஈடுகட்டுவதாக இருந்தால் தினம் 60 கிலோ அறுக்க வேண்டும். யார் அறுப்பது? சித்தப்பாவுக்கு முட்டி வலி.

இன்னொன்று. மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. கோ-4 மாதிரிப் புல்லில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதோடு கோதுமைத் தவிட்டையும் தாராளமாகக் கொட்டினால் நாளடைவில் எலும்பு கரைந்து முகம் வீங்கும். அதைச் சமன்செய்யக் குதிரை மசால் என்ற பசுந்தீவனம் வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடி நம் பக்கம் மலிவு, குதிரையும் ஆசையாகத் தின்னும். ஆனால் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கொடியைப் போட்டால் ஈரல் போய்விடும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும். எதையும் ஒரே வேளையில் கொட்டிவிடக் கூடாது. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மட்டும் சின்னது, அதோடு குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்று வலியில் புரண்டே செத்துப்போகும்.

தண்ணீர்: சும்மா நிற்கும் நாளில் 25, 30 லிட்டர். வேர்க்க வேர்க்க வேலை செய்தால் இரண்டு மடங்கு, கூடவே உப்பு.

சித்தப்பாவிடம் காட்டினேன். "கொள்ளு உன் கடையிலதானே வாங்கப் போறேன், உனக்கு இன்னா நஷ்டம்?" என்றார். கேள்வி நியாயமானதுதான். கடன் என்று சொல்லாமல் இருந்தால் இன்னும் நியாயமாக இருக்கும்.

மே 11, ஞாயிறு

சித்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பு. காட்பாடி தாண்டி, எல்லை தாண்டி, காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். வேலூரிலிருந்து லாடம் அடிக்கும் பாயையும் அழைத்துப்போனோம். ஜட்கா ஓடிய காலத்திலிருந்து குதிரைக் காலைப் பிடித்தவர். இப்போது பெரும்பாலும் மாடுகள்தான். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம், குதிரைக்கு ஒரே வளையம்.

நேரில் பார்த்ததும் நானே ஒரு நிமிடம் பேசவில்லை. மாமரத்து நிழலில் நின்றுகொண்டு, கிளையில் இருந்த இலையைத் தலையைத் தூக்காமலே பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. ரேஸில் ஓடி ஓய்ந்த குதிரை, கை மாறி மாறி இங்கே வந்திருக்கிறது. தோல் செப்புத் தகடு போலப் பளபளக்கிறது. சித்தப்பா மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

முதலில் எடை. தராசு இல்லாத இடத்தில் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்தேன்: 200 சென்டிமீட்டர். தோள் முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 175. சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுக்க வேண்டும். 589 கிலோ வந்தது.

குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பார்கள். இதற்கு 118 கிலோ வரை தாங்கும், சேணம் உட்பட. நம் வெள்ளைக்கு 66 கிலோதான். இந்தக் காலத்து மாப்பிள்ளைகளில் 66 கிலோவுக்குள் யார் இருக்கிறார்கள்? போன வருஷம் ஒருவர் ஏறியதும் வெள்ளையின் முதுகு வளைந்ததை நானே பார்த்தேன். பெரிய குதிரைக்குச் சாதகமாக நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் இதுதான், அலங்காரத்தை விட இது பெரிது.

அப்புறம் பல். ஒன்பது வயது என்றார் விற்பவர். பாய் மேலுதட்டைத் தூக்கி, மேல்வரிசை முன்பற்களில் ஓரத்துப் பல்லைக் காட்டினார். ஈறிலிருந்து கீழ்நோக்கி ஒரு பழுப்புக் கோடு, பல்லின் பாதியை நெருங்கிவிட்டது. அந்தக் கோடு பத்து வயது வாக்கில்தான் ஈறோரம் எட்டிப் பார்க்கும், பதினைந்தில் பாதி வரும், இருபதில் பல்லின் நுனியைத் தொடும். "ஒம்போது முடிஞ்சி அஞ்சாறு வருசம் ஆயிருக்கும் சார்" என்றார் பாய், மரியாதையாக. விற்பவர் மாங்காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அடுத்து கால். முன்னங்கால் எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பை பாய் இரண்டு விரலால் மேலிருந்து கீழே நீவிக்கொண்டே வந்தார். இடது காலில் ஓர் இடத்தில் நின்றார். என் விரலை எடுத்து அங்கே வைத்தார். வலது காலில் கயிறு மாதிரி இறுக்கமாக இருப்பது, இங்கே தடித்து, புடைத்து, கொஞ்சம் சூடாகவும் இருந்தது. ரேஸ் குதிரைகளுக்கு வழக்கமாக அடிபடும் இடம். ஆறினாலும் பழைய வலு வராது. தார் ரோட்டில் மணிக்கணக்காக நின்று, நடந்து, மறுபடி நிற்கும் வேலைக்கு இது ஆகாது. குளம்பைத் தூக்கிப் பார்த்தால் அடி தட்டை, ஓரம் மெல்லிசு. 589 கிலோவும் இந்த நாலு குளம்பில்தான் நிற்கிறது. ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும், இந்த அளவுக்கு ரெடிமேட் லாடம் வேலூரில் கிடைக்காது, நானே தட்டித் தர வேண்டும் என்றார் பாய். அவருக்குப் பிறகு யார் என்று நான் கேட்டேன். மகன் பெங்களூரில் ஏசி மெக்கானிக்.

கப்பல் கப்பலாகப் பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரைகள் பிழைக்காமல் போனதற்கு, அங்கே லாடம் அடிக்க ஆள் இல்லாததையும் ஒரு காரணமாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டுப் பிரச்சினை இன்னும் தீர்ந்தபாடில்லை.

வரும் வழியில் சித்தப்பா வாயே திறக்கவில்லை. காட்பாடியில் டீ குடிக்கும்போது மட்டும், "விலையைக் கொறைப்பான்" என்றார்.

மே 15, வியாழன்

வைகாசி ஒன்று, குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் நான் அம்மனைப் பார்த்ததைவிட மேலே போகும் ஒயர்களைப் பார்த்ததுதான் அதிகம். கேபிள் ஒயர், சீரியல் செட், வரவேற்பு வளைவு, கட்சித் தோரணம். ஐந்தடி எட்டங்குல முதுகின்மேல் ஒருவர் உட்கார்ந்தால் தலை ஒன்பதடியை நெருங்கும், தலைப்பாகை தனி. ஊர்வலம் போகும் சந்துகளில் மாப்பிள்ளை குனிந்துகொண்டே போக வேண்டியதுதான்.

பக்கத்தில் ஒரு சரம் வெடித்தபோது வெள்ளையை நினைத்தேன். அது பட்டாசுக்கும் பேண்டு செட்டுக்கும் காதைக்கூட அசைக்காது. ரேஸ் குதிரைக்குச் சத்தம் கேட்டால் ஓடத்தான் பழக்கியிருக்கிறார்கள். சின்னக் குதிரை மிரண்டால் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிடலாம். அரை டன்னுக்கு மேல் இருப்பது மிரண்டால், கயிற்றைப் பிடித்தவனும் கூடவே போவான்.

மே 18, ஞாயிறு

சித்தப்பா விடவில்லை. இப்போது ஷயர், பெர்ஷரான், பெல்ஜியன் என்று வெளிநாட்டு வீடியோக்கள். பெரிய குதிரை என்றால் சாது என்பது அவர் வாதம். அவர் சொல்வது அந்தச் சாதிகளுக்குச் சரி. ஏர் உழவும் பாரவண்டி இழுக்கவும் வளர்த்தவை, ஆயிரம் கிலோவரை போகும், குணம் அமைதி. 1846இல் இங்கிலாந்தில் பிறந்த சாம்ப்சன் என்ற ஷயர் குதிரை 21 கைக்கும் மேல் வளர்ந்தது, ஏழடிக்கு மேல். ஆனால் அவை குளிர் தேசத்துப் பிராணிகள். உடம்பு பெருக்கப் பெருக்க உள்ளே உண்டாகும் சூட்டின் அளவுக்கு அதை வெளியேற்றத் தோல் பரப்பு போதாது. ஷயருக்குக் காலெல்லாம் சடைமுடி வேறு. நம் மே மாதத்தில் வேலூரில் அதைக் கட்டிவைத்தால் ஃபேன், ஏர்கூலர் எல்லாம் அதற்குத்தான், நமக்கு விசிறி. பொதுவாகவே ரொம்பப் பெரிய குதிரைகளுக்கு ஆயுசும் கொஞ்சம் குறைவு.

சாயங்காலம் கோட்டைக்குப் போனோம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரையைக் காட்டி, "இதைவிட அது சின்னதுதானே" என்றார். கல் குதிரைக்குக் கொள்ளு வேண்டாம் சித்தப்பா என்றேன். உடனே தேசிங்கு ராஜா கதைக்குத் தாவினார். நவாபை எதிர்த்துக் குதிரையேறிப் போன தேசிங்கு 1714இல் களத்திலேயே செத்தார், அவருடைய ராணி பெயரில் நமக்கு ராணிப்பேட்டை கிடைத்தது என்பார்கள். சித்தி இதைக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செவலை கெட்ட குதிரை இல்லை. மண்தரையில், திறந்த வெளியில், மெதுவாகச் சவாரி போகத் தெரிந்த ஒருவரிடம் இருந்தால் நன்றாக இருக்கும். உயரமான ஆட்களுக்குக் கால் தொங்காமல் உட்கார அதுமாதிரி குதிரைதான் வேண்டும். நம்மிடம் இருப்பது சந்து, தார் ரோடு, பட்டாசு. ஏறுவதற்கு ஏணி வேறு. பட்டு வேட்டியோடு ஏணியில் ஏறும் மாப்பிள்ளையை வீடியோக்காரர் விடுவாரா?

மே 23, வெள்ளி

விற்பவர் போன் செய்தார், விலையைப் பாதிக்குக் கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் இறங்கியதில் சித்தப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொண்டுவரும் வாடகையைக் கேட்டோம். குட்டி யானையில் ஏற்ற முடியாது, பக்கம் உயர்த்திக் கட்டிய லாரி வேண்டும், தரையில் மண் கொட்டி, மேலே தட்டாமல் பார்க்க வேண்டும். டாக்டர் செலவும் எடைக்கு ஏற்றபடிதான், பூச்சி மருந்திலிருந்து மயக்க ஊசி வரை எல்லாமே கிலோ கணக்கு. கடைசியாக நான் இதைச் சொல்லவே இல்லை, சித்தப்பாவே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் உம் கொட்டினேன்.

முடிவு: ஆடியில் அந்தியூர். குருநாதசாமி திருவிழாச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி எல்லாம் வரும். பதினைந்து கை, 420 கிலோவை ஒட்டிய, ஏழெட்டு வயதுப் பெட்டை. 84 கிலோ வரை தாங்கும். அதற்கு மேல் இருக்கும் மாப்பிள்ளைகளுக்கு சாரட்டு வண்டி பூட்டித் தருவது என்று புதுசாக ஒரு யோசனை. பாயும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளை விற்பனைக்கு இல்லை, தோப்பில் மேயட்டும்.

கொட்டகை வேலை நாளைக்கு ஆரம்பம். பதினேழு கைக் குதிரைக்காகப் போட்ட திட்டப்படி பதினாலுக்குப் பதினாலு அடி, உயரம் பத்தடி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு போதுமே என்று மேஸ்திரி கேட்டார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. காற்று வேண்டாமா என்கிறார்.