லண்டனில் ஒரு தண்ணீர்ப் பந்தல் நடை

செயின்ட் பால்ஸ் ஸ்டேஷனில் இறங்கி நியூகேட் தெருவில் மேற்கே ஐந்து நிமிடம் நடந்தால் செயின்ட் செபல்கர் தேவாலயம் வரும். கில்ட்ஸ்பர் தெரு முனையில், அதன் கம்பி வேலியோடு ஒட்டினாற்போல் ஒரு கல்மாடம். வேகமாக நடப்பவர் கண்ணில் படாது. 1859 ஏப்ரல் 21-ல் திறந்த லண்டனின் முதல் இலவசக் குடிநீர் ஊற்று இதுதான். கொடுத்தவர் சாமுவேல் கர்னி எம்.பி. ‘குவளையைத் திரும்ப வை’ என்று கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். சங்கிலியில் கட்டிய குவளையில் ஊரே வாய் வைத்தது. காலராவுக்குப் பயந்து கொண்டுவந்த ஏற்பாட்டில் இப்படி ஒரு ஓட்டை! ஹோல்பர்ன் மேம்பாலம் கட்ட 1867-ல் ஊற்றைக் கழற்றி, 1913-ல்தான் திரும்ப வைத்தார்கள்.

ஊற்றுகள் அமைக்க கர்னி தொடங்கிய சங்கம் 1867-ல் தன் பெயரிலேயே மாட்டுத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை சந்தைக்கு மாடு ஓட்டி வருபவர், மதுக்கடைக்காரரிடம் எதையாவது வாங்கிக் குடித்தால்தான் மாட்டுக்குத் தண்ணீர். முதலில் வைத்த மரத் தொட்டியும் இரும்புத் தொட்டியும் வண்டி இடித்து உடைந்தன. பிறகு வந்த கிரானைட் தொட்டிகள்தான் இன்றும் சாலையோரம் கிடக்கின்றன. பார்க்கும்போது குனியுங்கள். மேல் தொட்டி குதிரைக்கும் மாட்டுக்கும். பலவற்றில் தொட்டியின் கால்களுக்கு இடையே தரையோரமாக நாய்க்கென்று ஒரு சின்னத் தொட்டி இருக்கும். நீர்மட்டத்தைக் காத்தது மிதவை வால்வு, நம் வீட்டு மாடித் தொட்டியில் இருப்பதேதான். எல்லாக் குதிரையும் ஒரே தொட்டியில் மூக்கை நனைத்ததால் கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் பரவும் என்ற அச்சம் வந்தது. மோட்டார் வந்தபின் தேவையும் போயிற்று. இப்போது பெரும்பாலானவை பூந்தொட்டிகள். வடிகால் துளை அடைத்துப்போனால் செடி வேரழுகும். வாடிய செடியைப் பார்த்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது ரீஜென்ட்ஸ் பார்க். ஃபாரிங்டனில் ஏறி கிரேட் போர்ட்லேண்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கி, பிராட் வாக் பாதையில் வடக்கே இருபது நிமிடம் நடங்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். பழைய ஊற்றுகளை நம்பிப் போக முடியாது. மிருகக்காட்சிசாலைக்குச் சற்று முன்னால் 1869-ல் எழுந்த ‘ரெடிமனி’ ஊற்று கோபுரம்போல் நிற்கும். பம்பாய்ப் பார்சி செல்வந்தர் கவாஸ்ஜி ஜெஹாங்கீர் ரெடிமனி கொடுத்தது. பத்து டன் சிசிலிப் பளிங்கு, நான்கு டன் சிவப்பு அபெர்டீன் கிரானைட். சுற்றிவந்து பாருங்கள்: விக்டோரியா ராணி ஒரு பக்கம், இன்னொரு பக்கம் திமிலோடு நம்மூர்க் காளை.