குட்டி இன்ஜினுக்கு ரிவர்ஸ் வைத்த கதை

"மாமா, உங்க இன்ஜின் ரிவர்ஸ்ல போகுமா?"

குன்னூர் ஸ்டேஷனில் நீராவி இன்ஜினைப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா மகன் கேட்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயிலுக்குப் பல்சக்கரப் பாதை (நடுவில் பல் வைத்த தண்டவாளம்), செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான்: ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். நான் செய்த குட்டி நீராவி இன்ஜினோ மேஜை மேல் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேள்வி உறுத்தியது.

என்னுடையது ஆடும் சிலிண்டர் வகை. உள்விட்டம் 10 மி.மீ., பிஸ்டன் போய்வரும் வீச்சு 20 மி.மீ. தனி வால்வு கிடையாது. கிராங்க் (பிஸ்டனைச் சக்கரத்தோடு இணைக்கும் கை) சுற்றச் சுற்ற சிலிண்டரே இடமும் வலமுமாக ஆடும். அதன் முகத்தில் உள்ள ஒற்றைத் துளை, பின்பலகையின் இரண்டு துளைகளுக்கு நேரே மாறி மாறி வரும். ஒன்றில் நீராவி உள்ளே போகும், மற்றதில் வெளியேறும். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். காகிதத்தில் அவ்வளவுதான்.

மாற்றிக் கொடுக்க ஒரு பித்தளைக் கட்டையில் கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் நான்கு துளைகள் போட்டேன். 12இல் பாய்லர், 6இல் வெளிக்குழாய், 3உம் 9உம் சிலிண்டருக்கு. மேலே ஒரு வட்டத் தட்டு. அதன் அடியில் இரண்டு வளைந்த பள்ளங்கள், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு துளைகளை இணைக்கும். தட்டைக் கால் சுற்று திருப்பினால் ஜோடி மாறும். அரைக்காலில் நிறுத்தினால் சிலிண்டருக்கான வழி அடைபட்டு இன்ஜின் நிற்கும். இந்த ஸ்டாப் நான் திட்டமிடாதது, இலவசமாக வந்தது.

தட்டும் கட்டையும் ஒட்டும் இடத்தில் முதலில் ஒரே கசிவு. கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரி தாளை விரித்து, எண்ணெய் விட்டு, 8 போட்டு இரண்டு மாலை தேய்த்தேன். அடங்கியது.

அப்புறம்தான் வேடிக்கை. ரிவர்ஸுக்குத் திருப்பியதும் டப்பென்று ஒரு குழாய் தெறித்து ஜன்னலில் மோதியது. முன்பு சிலிண்டரிலிருந்து ஆவியை வெளியேற்றிய அதே குழாய்! அதில் வீணாகும் ஆவிதானே போகிறது என்று சும்மா செருகி வைத்திருந்தேன். இப்போது பாய்லர் அழுத்தம் முழுதும் அதன் மேல். நல்லவேளை, முகத்துக்கு நேராக இல்லை. கடைவீதி நகைப் பட்டறை ஆசாரி வெங்காரம் தூவி, வெள்ளிப் பற்றாசு வைத்து ஊதி, அந்தக் குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, ஓடும்போது கூப்பிடச் சொன்னார்.

ஓடியது, ஆனால் ரிவர்ஸில் நொண்டியது. சிலிண்டரைப் பின்பலகையோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்கினேன், எண்ணெய் மாற்றினேன். ஒரு வாரம் வீண். கடைசியில் காலிப்பர் வைத்து அளந்தால், பின்பலகையின் ஒரு துளை நடுக்கோட்டிலிருந்து 3 மி.மீ., மற்றது இரண்டரை. ஒரு பக்கமே ஓடிய காலத்தில் அந்த அரை மில்லி தெரியவே இல்லை. இரண்டையும் பித்தளை ஆணியால் அடைத்து மறுபடி துளைத்தேன்.

அடுத்த லீவில் வந்த அக்கா மகன் தட்டின் லீவரைத் திருப்பினான். சக்கரம் அசையவில்லை. ஒற்றைச் சிலிண்டர் அல்லவா, விரலால் ஒரு சுண்டு சுண்டினால்தான் கிளம்பும்.

"குன்னூர் இன்ஜினை யாரு மாமா சுண்டி விடுவாங்க?"

அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள். ஒன்றின் பிஸ்டன் முனையில் நின்றாலும் இன்னொன்று தள்ளும் என்றேன். சரி, இரண்டாவது சிலிண்டருக்குப் பித்தளை வாங்கியாயிற்று.