ஐஸ் பெட்டியும் பாஸ்பேட்டும்: சிங்கப்பூர் புவன விஸ்தா ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

புரதத்தில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பார்க்க வேண்டுமானால், அதைப் பிய்த்தெடுக்கும் பாஸ்படேஸ் என்சைம்களை முதலில் கட்டிப்போட வேண்டும். இன்று முழுக்க அந்தக் கயிறு திரிக்கும் வேலை: பாஸ்படேஸைத் தடுக்கும் 200 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட் கரைசல். பிஎச்சை 10க்குக் கொண்டுவந்ததும் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்க வைத்து, ஆறியதும் பிஎச் பார்த்து, 10க்குத் திருத்தி, மறுபடி கொதிக்க வைக்க வேண்டும். நிறமில்லாமல், பிஎச்சும் 10லேயே நின்றால் முடிந்தது. மூன்று நான்கு சுற்றாவது பிடிக்கும். பொறுமை இல்லாதவர்கள் மஞ்சளோடே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். மஞ்சள் என்றால் வனடேட் பத்துப் பத்தாகக் கூடிக் கிடக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸின் வாயை அடைப்பது தனி வனடேட்தான்.

செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் வனடேட் 1 மில்லிமோலார் போதும். அதே பஃபரில் இடிடிஏ (உலோக அயனியைப் பிடிப்பது), டிடிடி (ஒடுக்கும் பொருள்) இரண்டில் எது இருந்தாலும் வனடேட் செத்துவிடும். செரின், திரியோனின் அமினோ அமிலங்களில் உள்ள பாஸ்பேட்டைக் காக்கத் தனியாக சோடியம் ஃப்ளோரைடு 10, பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார்.

பிஎச் தவறியதால் நன்மை விளைந்த கதையும் உண்டு. 1979இல் உயிரியலாளர் டோனி ஹண்டர், பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களைப் பிரிக்கப் பழைய பஃபரையே மீண்டும் ஓட்டினார். 1.9 இருக்க வேண்டிய பிஎச் 1.7க்கு இறங்கியிருந்தது. பாஸ்போடைரோசின் (பாஸ்பேட் ஏறிய டைரோசின்) முதன்முறையாகப் பாஸ்போதிரியோனினை விட்டு விலகித் தெரிந்தது அப்படித்தான். வனடேட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் எல்லாம் கிடையாது.

பிப்ரவரி 5, வியாழன்

ஹீலா செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்), ஆறு குழித் தட்டு, சீரம் இல்லாமல் 16 மணி நேரம். இஜிஎஃப் (செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி) 100 நானோகிராம்/மி.லி.; 0, 2, 5, 15, 30, 60 நிமிடம். 60 நிமிடக் குழிக்கு முதலில் ஊற்றி, 2 நிமிடத்துக்குக் கடைசியில் ஊற்றினால் ஆறையும் ஒரே நேரத்தில் ஐஸில் வைக்கலாம். ஊடகத்தை மாற்றக் கூடாது. மாற்றுகிற குலுக்கலே சிக்னலைக் கிளப்பும். 2 மி.லி. ஊடகத்தில் 10 மைக்ரோகிராம்/மி.லி. இஜிஎஃப்பை 20 மைக்ரோலிட்டர் விட்டு மெதுவாக அசைத்தால் போதும். 0 குழிக்கு இஜிஎஃப் இல்லாத அதே பஃபர், அதே 20.

குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் ஒரே ஒரு கழுவல், குழிக்கு 150 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபர், ஐஸில் 15 நிமிடம், பிறகு மையவிலக்கில் 14,000 ஜி, 4 டிகிரி, 10 நிமிடம். மாதிரிகளைப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிப் போவதென்றால் நம் ஊர் வெயிலில் வெறும் ஐஸை நம்பாதீர்கள். புரதத்தை விரிக்கும் எஸ்டிஎஸ் பஃபர் சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்க வைத்துவிட்டே கிளம்புங்கள். புரத அளவைப் பார்ப்பது அதற்கு முன்னால்.

பிப்ரவரி 6, வெள்ளி

வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவது. லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம். மெம்பிரேனின் காலியிடங்களைப் பால்பொடியில் பிளாக் செய்யவில்லை, 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்). பாலின் கேசினே பாஸ்பேட் சுமக்கும் புரதம். சில ஆன்டிபாடிகள் பாலிலும் ஒழுங்காகத்தான் ஓடும், ஆனால் புது ஆன்டிபாடியை அதில் சோதித்துப் பார்ப்பது வீண் தலைவலி.

பி-எர்க்கின் (பாஸ்பேட் ஏறிய எர்க்; எர்க் ஒரு கைனேஸ், அதாவது பாஸ்பேட்டை ஏற்றும் என்சைம்) 44, 42 கிலோடால்டன் பாண்டுகள் இரண்டும் 5 நிமிடத்தில் உச்சம், 60இல் மங்கல். இந்த மங்கலைப் பார்த்ததும் 'கைனேஸ் ஓய்ந்துவிட்டது' என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். இந்த ஆன்டிபாடி திரியோனின் 202, டைரோசின் 204 இரண்டிலும் பாஸ்பேட் இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். எர்க்கில் பாஸ்பேட்டை ஏற்றும் மெக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தாலும், டஸ்ப் குடும்பப் பாஸ்படேஸ்கள் வேகமாகக் கழற்றினால் பாண்ட் மங்கும். ஏற்றமும் கழற்றலும் சேர்ந்த மிச்சக் கணக்குதான் பாண்ட். பி-மெக்கையும் பார்க்காமல் முடிவு எழுதக் கூடாது. மொத்த எர்க்குக்கு இன்னொரு ஜெல். ஆன்டிபாடியை உரித்த மெம்பிரேனில் பழையது எவ்வளவு மிச்சம் என்று யாரால் சொல்ல முடியும்?

பிப்ரவரி 9, திங்கள்

பாண்ட் பாஸ்பேட்டால்தானா என்று உறுதிசெய்ய, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸ் கன்ட்ரோல். மாங்கனீஸ் 1 மில்லிமோலார், 30 டிகிரி, 30 நிமிடம். பாண்ட் போகவில்லை. காரணம் வெட்கக்கேடானது: வனடேட்டும் ஃப்ளோரைடும் சேர்த்த லைசேட்டையே (செல்லை உடைத்த சாறு) எடுத்தது. தடுப்பான் சேர்க்காத லைசேட்டில் திரும்பச் செய்ததும் போய்விட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

நுரையீரல் புற்றுச் செல்கள், இஜிஎஃப்ஆரை (இஜிஎஃப்பின் ஏற்பி) அடைக்கும் மருந்தான கெஃபிடினிப் 1 மைக்ரோமோலார், 2 மணி நேரம். பிசி9 செல்லில் பி-எர்க் அணைந்தது. அதன் இஜிஎஃப்ஆரில் எக்ஸான் 19 என்ற மரபணுப் பகுதியில் நீக்கம் உண்டு. எச்1975இல் எல்858ஆர் மாற்றத்துடன், மருந்தை முறியடிக்கும் டி790எம் மாற்றமும் இருப்பதால் மருந்து பலிக்கவில்லை. ஏ549இலும் பி-எர்க் எரிகிறது, ஆனால் அங்கே கேராஸ் மரபணு மாற்றம், சிக்னல் பாதையில் இஜிஎஃப்ஆருக்குக் கீழே. பி-எர்க் மட்டும் ஓட்டினால் கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பி-இஜிஎஃப்ஆர் டைரோசின் 1068ஐ உடன் ஓட்டினால்தான் அடைப்பு எங்கே என்று புரியும். இஜிஎஃப்ஆர் மாற்றம் கிழக்காசிய நோயாளிகளிடம், அதிலும் புகைக்காதவர்களிடம், அதிகம். சிங்கப்பூரில் இந்த மூன்று செல்களும் வெறும் பாடப் பயிற்சியாக இராததற்கு அதுவே காரணம்.

அறுவை அறைத் திசு வந்தால் முதல் கேள்வி: ரத்த ஓட்டம் நின்றதிலிருந்து உறைய வைத்தது வரை எத்தனை நிமிடம்? ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சில பாஸ்பேட் சிக்னல்கள் ஏறி இறங்கிவிடும். நேரம் எழுதாத குப்பியை பிளாட்டுக்கு எடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 13, வெள்ளி

17, 18 சீனப் புத்தாண்டு; உலர் பனிக்கட்டியில் வரவேண்டிய ஆர்டர் அதற்குப் பிறகுதான். 19இல் பாஸ்பேட் ஏறிய புரதத்தை மெதுவாக்கிப் பிரிக்கும் பாஸ்-டேக் ஜெல்: பாஸ்-டேக் 50 மைக்ரோமோலார், மாங்கனீஸ் 100. மாற்றுவதற்கு முன் ஜெல்லை இடிடிஏ கலந்த பஃபரில் பத்துப் பத்து நிமிடமாக இருமுறை ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புரதம் மெம்பிரேனுக்கு ஏறாது. மாதிரியில் மட்டும் இடிடிஏ இருக்கவே கூடாது.