ஒரு வரி பேட்ச், மூன்று ராத்திரி

எங்கள் கருவிக்காக நாங்கள் வைத்திருக்கும் லினக்ஸ் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி), எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தென்காசிப் பெண் போன வாரம் ஒரு பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்பியிருந்தாள். மாற்றம் ஒரே வரி, ஒரு ஃபங்ஷன் தோற்றால் ஓடும் எரர் பாதையில் இருந்த, நினைவகப் பக்கத்தின் மேலுள்ள பிடியை விடும் ‘புட் பேஜ்’ அழைப்பை நீக்கியிருந்தாள், அவ்வளவுதான். நினைவகம் பற்றாத நேரத்தில் கர்னல் எழுதும் லாகில் ‘பேட் பேஜ் ஸ்டேட்’ என்று வந்து கருவி விழுந்துகொண்டிருந்தது, இந்த மாற்றத்துக்குப் பிறகு விழவில்லை. பார்த்தவுடன் சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

கர்னலில் ஒவ்வொரு நினைவகப் பக்கத்துக்கும் (நினைவகத்தைப் பிரித்து வைத்திருக்கும் துண்டு, எங்கள் கருவியில் 4096 பைட்) எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை உண்டு, புட் பேஜ் அதில் ஒன்றைக் குறைக்கும். கல்லிடைக்குறிச்சியில் என் அத்தான் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறார், பக்கத்துப் பக்கத்து இரண்டு வீட்டு விசேஷத்துக்கு ஒரே அண்டா போனால் நோட்டில் 2 என்று எழுதுவார், ஒரு வீட்டார் வேலை முடிந்தது என்றால் 1, அடுத்த வீட்டாரும் சொன்ன பிறகுதான் 0, அப்புறம்தான் அது மூன்றாவது ஆளுக்குப் போகும். ஒரே வீட்டார் இரண்டு தடவை ‘முடிஞ்சிட்டு’ என்று சொன்னால்? அடுத்த வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அண்டாவை எடுக்க ஆள் வந்து நிற்பான். எங்கள் பிழை அதேதான். ஃபங்ஷனும் புட் பேஜ் சொல்லியது, அதைக் கூப்பிட்ட கோடும் சொன்னது.

ஆகவே ஒன்றை நீக்கியது நியாயம். ஆனால் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுகிற இடங்கள் மூன்று. முதல் ராத்திரி இரண்டைப் படித்தேன், இரண்டுமே தாங்களாகவே பக்கத்தை விடுவிக்கின்றன. மூன்றாவது இடம் வேறொரு டிரைவருக்குள் (ஒரு வன்பொருளை இயக்கும் கோடு) இருந்தது, அது எதையும் விடுவிக்கவில்லை, உள்ளே இருக்கும் ஃபங்ஷனே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதப்பட்டது. இந்த பேட்ச் போனால் அங்கே ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு பக்கம் திரும்பி வராது. நொடிக்கு ஆயிரம் தோல்வி என்றால் நாலரை நிமிடத்துக்குள் 1 ஜிபி போய்விடும், எங்கள் கருவியில் இருப்பதே அவ்வளவுதான்.

கவலை என்னவென்றால் இதைப் பிழை தேடும் மென்பொருள்களும் எளிதில் காட்டாது. அவற்றில் ஒன்றான கேசான், ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் கத்தும், விடுவிக்காமல் விட்டால் அதற்குக் கவலையில்லை. நினைவகக் கசிவு தேடும் கேமெம்லீக்கோ, பேஜ் அலகேட்டரிடம் (பக்கங்களை ஒதுக்கித் தரும் பகுதி) நேரடியாக வாங்கும் பக்கங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் யார் வாங்கியது என்று குறித்துவைக்கும் பேஜ் ஓனரை இயக்கிவிட்டு, ஃபால்ட் இன்ஜெக்‌ஷனால் வேண்டுமென்றே ஒதுக்கீட்டைத் தோற்கடித்துப் பார்த்தேன். யார் எடுத்தது என்ற ஸ்டாக்கோடு (கூப்பிட்ட ஃபங்ஷன்களின் வரிசை) பக்கங்கள் வரிசையாகத் தங்கியிருந்தன.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம், “அண்ணே, அப்ப அந்த மூணாவது ஆளு யாரை நம்பி இருந்தாருன்னு எங்கேயுமே எழுதலையே” என்றாள். சரியான கேள்வி. பக்கத்தை யார் விடுவிக்க வேண்டும் என்பதை ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரி கமெண்டாக எழுதியிருந்தால் இந்தப் பிழையே பிறந்திருக்காது.

நினைவக நிர்வாகத்தில் திருத்தமும் தவறும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. 2016-இல் டர்ட்டி கவ் என்ற கர்னல் பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் தன் கமிட் (பதிவு செய்த மாற்றம்) செய்தியிலேயே எழுதியிருக்கிறார்: பதினோரு வருடம் முன்பே இதைத் தானே சரிசெய்ய முயன்றதாகவும், ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும். அந்தச் செய்தியை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது, அவருக்கே அப்படி என்றால் நான் ஒரு வரியை எப்படி அலட்சியமாகப் பார்ப்பது? ‘ரிவியூடு பை’ (சரிபார்த்தவர்) என்று என் பெயரைப் போட்டால், அந்த எரர் பாதைகளில் நானும் நடந்து பார்த்தேன் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது பதிப்பு வியாழக்கிழமை வந்தது. மூன்றாவது இடத்தில் புட் பேஜ் சேர்ந்திருந்தது, மேலே கமெண்டும் இருந்தது, பழைய பிழை எந்த கமிட்டில் வந்தது என்று ‘ஃபிக்ஸஸ்’ வரியும் இருந்தது. ராத்திரி முழுக்கத் தோல்விகளை ஊட்டிக்கொண்டே விட்டுத் தூங்கினேன். விடியற்காலை ஆற்றுக்குக் குளிக்கப் போகும் முன் பார்த்தேன், அந்த ஸ்டாக்கில் ஒரு பக்கம்கூடத் தங்கவில்லை. ஈரத் துண்டோடு திரும்பி வந்து என் பெயரைப் போட்டேன்.