மன்ரோவில்: ஒரு நாவலும் அதன் பால்கனியும்

மன்ரோவில்லுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே கிளம்பிப் போனால்தான் உண்டு. அலபாமாவின் தெற்கே, மாண்ட்கமரிக்கும் மொபீலுக்கும் நடுவில், ஐ-65 நெடுஞ்சாலையில் எவர்கிரீன் பக்கம் இறங்கி பைன் காடுகளுக்குள் போகவேண்டும். அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேர ஓட்டம். மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும் என்பதால், சோம்பலாகக் கிளம்பினாலும் மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். வழியெல்லாம் மரம் ஏற்றிய லாரிகள், செம்மண், நூறடிக்கு ஒரு சர்ச் பலகை. நாங்கள் போனது அக்டோபர். சாலையோரத்தில் பருத்தி வெடித்து நின்றது. அடிமைகள் உழைத்த அந்த நிலத்தில் பருத்தியைச் சும்மா ஒரு செடியாகப் பார்க்க முடியவில்லை.

ஆறாயிரம் பேர் வசிக்கும் இந்த ஊருக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவது ஒரே ஒரு நாவலுக்காக. ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. 1960 ஜூலையில் வெளிவந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு, இதுவரை நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. கதை 1930களில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஸ்கௌட் என்ற சிறுமி சொல்கிறாள். அவள் அப்பா அட்டிகஸ் ஃபின்ச், வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க்குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பருக்காக வாதாடித் தோற்கிறார். மேகோம்ப்தான் மன்ரோவில். லீ 1926இல் பிறந்ததும் 2016இல் இறந்ததும் இந்த ஊரில்தான்.

எங்கள் வீட்டில் இந்த நாவல் ஒரு சண்டையாகத்தான் நுழைந்தது. மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம். நானோ கல்லூரி நாளில் படித்து உருகியவன். “அப்பா, அட்டிகஸுக்குத் தோற்கப்போவது முதலிலேயே தெரியும். அப்புறம் ஏன் அவருக்குக் கோபமே வரவில்லை?” என்று அவள் கேட்டாள். நான் பொறுமை, கண்ணியம் என்று ஏதோ இழுத்தேன். “கண்ணியமாக இருந்தால் டாமுக்கு என்ன லாபம்?” சரி, ஊரையே போய்ப் பார்த்துவிடலாம் என்று வண்டியை எடுத்தோம்.

சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது பழைய கோர்ட். செங்கல் கட்டடம், மேலே வெள்ளைக் கடிகாரக் கூண்டு. 1903இல் கட்டியது. இப்போது அருங்காட்சியகம். லீயின் அப்பா அமாசா கோல்மன் லீ இங்கே வக்கீல். சிறுமியாக இருந்தபோது அவர் வாதாடுவதைப் பார்க்க அவள் மாடியில் வந்து உட்காருவாளாம். 1962இல் வந்த படத்துக்கு, கலை இயக்குநர் இங்கே வந்து அளவெடுத்துக்கொண்டு போய் ஹாலிவுட்டில் இதைப் போலவே ஒரு நீதிமன்ற அரங்கு போட்டார். அதனால் படம் பார்த்தவர்கள் உள்ளே நுழைந்ததும் ஒரு கணம் தடுமாறுவார்கள். முன்பே வந்த இடம் போலிருக்கும்.

மரத்தரை காலடியில் முனகுகிறது. நீதிபதி மேடை, சாட்சிக் கூண்டு, ஜூரி நாற்காலிகள் எல்லாம் நாம் நினைப்பதைவிடக் கிட்டக் கிட்ட இருக்கின்றன. குற்றம் சாட்டப்பட்டவன் மூச்சு விட்டால் ஜூரிக்குக் கேட்கும். தலைக்கு மேல் மெல்லிய தூண்கள் தாங்கும் வளைந்த பால்கனி. நாவலில் கறுப்பர்கள் உட்காரும் இடம் அதுதான். கீழே இடமில்லாததால் ஸ்கௌட்டும் அவள் அண்ணன் ஜெம்மும் பாதிரியார் சைக்ஸோடு மேலே போய் உட்கார்ந்து வழக்கைப் பார்க்கிறார்கள். முன்வரிசையில் இருந்த நால்வர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். மகள் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். இடம் கொடுத்த அந்த நால்வருக்குப் பெயர் கிடையாது. வழக்கு முழுவதையும் அவர்கள் நின்றுகொண்டு பார்த்தார்களா என்பதும் தெரியாது. நான் எத்தனையோ முறை தாண்டிப் போன வரி அது.

வசந்தகாலத்தில் இங்கே இந்த நாவலை நாடகமாகப் போடுவார்கள். முதல் பாதி வெளியே புல்வெளியில். விசாரணை உள்ளே, இந்தக் கூடத்திலேயே. நடிப்பது உள்ளூர்க்காரர்கள். பார்வையாளர்களில் பன்னிரண்டு ஆண்களைப் பொறுக்கி ஜூரியாக உட்கார வைப்பார்கள். டாம் நிரபராதி என்று கண்ணெதிரே தெரிந்த பிறகும் ‘குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. இந்தக் குழு ஜெருசலேம், ஹாங்காங் வரை போய் நடித்திருக்கிறது. அக்டோபரில் போன எங்களுக்குக் காலி நாற்காலிகள்தான் வாய்த்தன.

வெளியே புல்வெளியில் ஒரு நினைவுக் கல். அலபாமா வக்கீல் சங்கம் 1997இல் வைத்தது, அட்டிகஸ் ஃபின்ச்சுக்கு. பிறக்கவே பிறக்காத ஒரு வக்கீலுக்குச் சிலை அளவு மரியாதை! நிஜத்தில் அமாசா லீ 1919இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பர்களுக்காக வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு அவர் கிரிமினல் வழக்கையே தொடவில்லை என்பார்கள். அந்த இருவருக்கு இங்கே கல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இந்த நாவலைப் பற்றி வாசகர்கள் சொல்வதைத் தொகுத்தால் ஒரே புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று சந்தேகம் வரும். 2018இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் மிகப் பிரியமான நாவல் இதுதான். 2021இல் நியூயார்க் டைம்ஸ் வாசகர்கள், கடந்த 125 ஆண்டுகளின் சிறந்த புத்தகம் என்று இதையே தேர்ந்தெடுத்தார்கள். எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானரோ நாவல் வந்த புதிதிலேயே, இதை வாங்குகிறவர்களுக்குத் தாங்கள் படிப்பது சிறுவர் புத்தகம் என்று தெரியவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் கவுண்டி பள்ளி வாரியம் இதை ஒழுக்கக்கேடான புத்தகம் என்று விலக்கியது. லீ பதிலுக்கு ஒரு பத்திரிகைக்கு நக்கலாகக் கடிதம் எழுதி, வாரியத்தாரை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லிப் பத்து டாலரும் வைத்து அனுப்பினார். ஐம்பது ஆண்டு கழித்து, 2017இல், மிசிசிப்பியின் பிலாக்ஸியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். இந்த முறை காரணம் வேறு: அதிலுள்ள இன வசைச் சொற்கள் பிள்ளைகளைச் சங்கடப்படுத்துகின்றன என்று.

எனக்கு உறைத்த கருத்து பத்திரிகையில் வந்ததல்ல. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி சொன்னது. மன்ரோவில் போகப்போகிறேன் என்றதும் சிரித்தார். “நான் அந்த நாவலில் லூலா கட்சி” என்றார். லூலா யார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து புரட்டினேன். ஃபின்ச் வீட்டில் சமைக்கும் கல்பூர்னியா ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தன் சர்ச்சுக்கு அழைத்துப் போகிறாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளை இங்கே ஏன் கூட்டி வந்தாய் என்று வாசலில் மறித்துக் கேட்கிறாள் ஒரு பெண். அவள்தான் லூலா. ஊரில் எல்லா இடமும் அவர்களுக்கு, இந்த ஒரு சர்ச்சாவது எங்களுக்கு இருக்கட்டுமே என்பது அவள் கட்சி. சபையார் அவளை அடக்கிவிடுகிறார்கள். நாவல் அவளை வம்புக்காரி என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

வகுப்பில் ஒரே கறுப்பு மாணவியாக உட்கார்ந்து இந்த நாவலைப் படித்தவர் அவர். வசைச்சொல் வரும் இடத்தில் எல்லாத் தலையும் ஒருமுறை தன் பக்கம் திரும்பும் என்றார். புத்தகத்தை வெறுக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். வீட்டை விட்டு வெளியே வராத அண்டை வீட்டுக்காரர் பூ ராட்லியின் மரப்பொந்தில் பிள்ளைகளுக்காகப் பொருட்கள் வந்து விழும் அத்தியாயத்தைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். “குழந்தைப் பருவம் பற்றி இதைவிட நல்ல புத்தகம் குறைவு. எங்களைப் பற்றிய புத்தகம் என்று மட்டும் கொடுக்காதீர்கள்.”

எனக்கும் இப்போது அதே எண்ணம்தான். மரப்பொந்து, எரிந்துபோன பக்கத்து வீடு, ராத்திரியில் வேலியில் மாட்டிக்கொண்ட ஜெம்மின் கால்சட்டை இவற்றை எழுத அசாத்தியக் கை வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பெண்ணின் கண்ணுக்கு அப்பா எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம்தான் அட்டிகஸ். லீ முதலில் எழுதிய பிரதியில் அந்தப் பெண் வளர்ந்தவள். அப்பா இனப்பிரிவினைக்காரர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை அதே கோர்ட் பால்கனியிலிருந்து பார்த்து அதிர்ந்து போகிறாள். பதிப்பாசிரியர்தான் குழந்தைப் பருவத்தை எழுதச் சொன்னார். அந்த முதல் பிரதி 2015இல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ என்று வெளியானபோது, மகனுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள்கூடக் கொதித்துப் போனார்கள். எனக்கு அது நாவலாகச் சுமார்தான். ஆனாலும் முதலாவதைப் படித்த எல்லாரும் அதையும் படிக்கவேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு மெல்ஸ் டெய்ரி ட்ரீம். தெருவோரத்தில் பர்கரும் ஐஸ்க்ரீமும் ஜன்னல் வழியே தரும் சின்னக் கடை. லீயின் வீடு இருந்த இடம் இதுதான். பக்கத்து மனையில் ட்ரூமன் கபோட்டி சிறுவயதில் உறவினர்களோடு வாழ்ந்த வீடு. நாவலில் ஸ்கௌட்டின் தோழனாக வரும் டில் அவர்தான். இரண்டு வீடுமே இப்போது இல்லை. கல்சுவரில் கொஞ்சமும் ஒரு தகவல் பலகையும் மிச்சம். இரண்டு உலகப் புகழ் எழுத்தாளர்கள் அடுத்தடுத்த வீட்டில் விளையாடிய இடத்தில் நின்று மில்க்‌ஷேக் குடித்தோம். நன்றாகவே இருந்தது.

இதே ஊரில் 1986இல் ஒரு சலவைக்கடையில் பதினெட்டு வயது வெள்ளைக்காரப் பெண் கொலையானாள். அடுத்த ஆண்டு வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பரைக் கைது செய்தார்கள். மரம் வெட்டும் தொழில் செய்தவர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு அவருக்குத் தொடர்பு இருந்தது ஊருக்குத் தெரியும். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் மீன் பொரித்து விற்கும் சர்ச் நிகழ்ச்சியில் இருந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் கறுப்பர்கள், எடுபடவில்லை. விசாரணைக்கு முன்பே மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் அடைத்தார்கள். விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது. நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார். பிரையன் ஸ்டீவன்சன் என்ற இளம் கறுப்பின வக்கீல் வழக்கை எடுத்துப் பொய்ச்சாட்சியை உடைத்த பிறகு, 1993 மார்ச்சில்தான் மக்மில்லியன் வெளியே வந்தார். சாகக் காத்திருந்தது ஆறு ஆண்டுகள். அந்த வழக்குக்காக ஸ்டீவன்சன் இந்த ஊருக்கு வந்து போன நாட்களிலும் ஊர்க்காரர்கள் நாவலைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்ததை அவரே ‘ஜஸ்ட் மெர்சி’ என்ற தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அருங்காட்சியகக் கடையில் இருந்த முதியவரிடம் மக்மில்லியன் பற்றி மெல்லக் கேட்டேன். கோபப்படவில்லை. “இங்கே வருகிறவர்கள் இப்போது அதையும் கேட்கிறார்கள்” என்றார். கொலையான பெண்ணின் குடும்பமும் இந்த ஊர்தான், அந்த வழக்கு முடியவே இல்லை, அதை மறக்காதீர்கள் என்றார். நியாயம். பிறகு தான் பள்ளியில் படித்தபோது இந்த நாவல் பாடத்திலேயே இல்லை என்றும், கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்றும் தானாகவே சொன்னார்.

திரும்பும் வழியில் மாண்ட்கமரி. ஸ்டீவன்சனின் அமைப்பு 2018இல் திறந்த நினைவிடம் அங்கே இருக்கிறது. கும்பல் அடித்துக்கொன்ற 4,400க்கும் மேற்பட்ட கறுப்பர்களுக்காக, கவுண்டி வாரியாக எண்ணூறுக்கு மேற்பட்ட இரும்புப் பாளங்கள். மன்ரோ கவுண்டிக்கும் ஒன்று உண்டு. மகள் அதில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டாள். பள்ளிக் கட்டுரைக்கு என்றாள். கட்டுரையில் அட்டிகஸைப் பற்றி ஒரு பத்திதான் எழுதினாள். மீதி லூலாவைப் பற்றி. டீச்சர் ‘பி ப்ளஸ்’ போட்டு, மையக் கருவிலிருந்து விலகிவிட்டாய் என்று குறித்திருந்தார். அவளுக்கு வருத்தமில்லை, எனக்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: நாடகம் பார்க்க வேண்டுமானால் வசந்தத்தில் போங்கள், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். மன்ரோவில்லுக்கு அரை நாள் போதும். மாண்ட்கமரிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், நினைவிடத்தோடு அதே அமைப்பின் மியூசியத்தையும் பார்க்க. காரில் ‘ஜஸ்ட் மெர்சி’ ஒலிப்புத்தகத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். ஆசிரியரே வாசித்திருக்கிறார்.